இரைச்சலைப் பிரித்தறிந்தவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப் பொழுதில், எங்கள் தெருவிலே வசிக்கும் கல்லூரி மாணவன் ஒருவன் ஒரு பிளாஸ்டிக் மிட்டாய் டப்பாவைக் கையில் ஏந்திக்கொண்டு என் வீட்டிற்கு வந்தான். அவன் முகம் வாடியிருந்தது. டப்பாவினுள் இருந்தது மிட்டாய் அன்று; மின்சாரக் கித்தாரின் ஓசையை மாற்றுவதற்காக அவன் தன் கையாலேயே செய்திருந்த ஒரு கருவி. கித்தார் வாசிப்போர் இதனைத் தரையில் வைத்துக் காலால் மிதித்து இயக்குவர். ஆகையால் இதற்குப் பெடல் என்று பெயர். கித்தாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் இடையிலே இதனை இணைத்தால், தெளிவான நாதம் பிசிறடித்துக் கரகரத்து, முரட்டு வண்டு ஒன்று முரல்வதைப் போல் ஒலிக்கும். ஃபஸ் என்று அவ்வோசையைக் குறிப்பிடுகிறார்கள்.

"ஐந்து நாளில் கல்லூரியில் இசைப் போட்டி, சார். ஒரு மாதம் பணம் சேர்த்துச் செய்தேன். வாசிக்காமல் சும்மா இருக்கும்போதே இது கத்துகிறது. குழுவில் என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்கிறார்கள். எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று தோன்றுகிறது" என்றான்.

நான் கல்லூரியிலே பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். கித்தாரைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் இரைச்சலுடன் எனக்கு நீண்ட காலப் பழக்கம் உண்டு. "எறிவது பெரிதன்று, முதலில் அது என்ன சொல்கிறது என்று கேட்போம்" என்று சொல்லிக் கருவியை இணைக்கச் செய்தேன்.

இரைச்சல் என்ற ஒரு சொல்லால் நாம் எத்தனையோ ஒலிகளைக் குறித்துவிடுகிறோம். காதைக் கூர்மையாக்கிக் கேட்டபோது, அந்த டப்பாவிலிருந்து ஐந்து வகை ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அடியிலே கோவில் மணியின் கார்வையைப் போல் ஓர் ஓயாத முரலல். அதன்மேல் மழைச் சாரலைப் போன்ற சீறல். குமிழைத் திருப்பினால் படபடவென்று ஒரு வெடிப்பு. முழுவதும் திருப்பிவிட்டால் காதைத் துளைக்கும் ஊளை. இவற்றுக்கெல்லாம் பின்னால், யாரோ மிகத் தொலைவில் நின்று பேசுவதைப் போல ஒரு மனிதக் குரல்! அந்தக் குரல் கத்தரிக்காய் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

மாணவன் சிரிக்கவில்லை. எனக்கோ கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரின் நினைவு வந்தது. அமெரிக்காவிலே நியூ ஜெர்ஸி மாநிலத்து ஹோம்டெல் என்னும் ஊரில், பெல் ஆராய்ச்சிச் சாலையின் கிளையொன்றில் அவர் வேலை பார்த்தார். கடல் கடந்து ரேடியோ மூலம் தொலைபேசி பேசுவோருக்குத் தொல்லை தரும் இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதே அவருக்கு இட்ட பணி. பழைய மோட்டார் வண்டிச் சக்கரங்களின்மேல் ஒரு பெரிய ஏரியலை நிறுத்திச் சுழலவிட்டு, 1931, 1932-ம் ஆண்டுகளில் அவர் இரைச்சலைக் கேட்டுப் பதிவு செய்தார். கேட்டதை மூன்றாக வகுத்தார். ஒன்று, அருகிலுள்ள இடிமழையால் வருவது. மற்றொன்று, தொலைவிலுள்ள இடிமழையால் வருவது. மூன்றாவது, காரணம் விளங்காத ஒரு மெல்லிய சீறல். அந்த மூன்றாவதை ஒதுக்கித் தள்ளிவிட அவருக்கு மனம் வரவில்லை. அது நாள்தோறும் 4 நிமிடம் முந்தி வருவதைக் கவனித்தார். 23 மணி 56 நிமிடம் என்பது சூரியனின் கணக்கன்று, விண்மீன்களின் கணக்கு. தனுசு ராசியின் திசையில், பால்வீதி மண்டலத்தின் நடுவிலிருந்து வரும் ஒலி அது என்று 1933-ம் ஆண்டில் அறிவித்தார். ரேடியோ வானியல் என்ற துறையே இவ்வாறு பழுது பார்க்கப் போன இடத்தில் பிறந்தது. எல்லாவற்றையும் ஒரே 'இரைச்சல்' என்று கொண்டிருந்தால் அவர் அதனைக் கண்டிருக்க முடியாது.

நாங்களும் வகுக்கத் தொடங்கினோம். முதலில் முரலலை எடுத்துக்கொண்டோம்.

நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறி மாறி ஓடுகிறது. அமெரிக்காவில் 60 முறை. சுவரிலே ஓடும் கம்பிகளைச் சுற்றிக் காந்தப் புலமும் அதே வேகத்தில் மாறிக்கொண்டிருக்கும். மாறும் காந்தப் புலத்தில் கம்பிச்சுருள் ஒன்று இருந்தால் அதிலே மின்சாரம் பிறக்கும் என்பதை மைக்கேல் ஃபாரடே 1831-ம் ஆண்டிலேயே கண்டார். ஆகவே 50-ஐ ஒட்டிய மிகத் தாழ்ந்த முரலல் கேட்டால், வெளியிலிருந்து புகுந்தது என்று ஐயுறலாம். அடாப்டர் என்னும் மின்மாற்றிப் பெட்டியோ திசை மாறும் மின்சாரத்தின் இரு பாதிகளையும் ஒரே திசைக்குத் திருப்புகிறது. பழைய பாணி அடாப்டரில் அந்த ஏற்ற இறக்கம் சரியாக வடிகட்டப்படாவிட்டால் அங்கே எழும் முரலல் 100. கேட்பதற்குச் சற்று உயர்ந்தும் கரகரத்தும் இருக்கும். இந்த இரண்டையும் காதாலேயே வேறுபடுத்தலாம். ஐயம் இருந்தால் அடாப்டரைக் கழற்றிவிட்டு 9 வோல்ட்டு பாட்டரியை இணைத்துப் பார்க்கலாம். நாங்கள் அப்படிச் செய்தபோது கரகரத்த பகுதி உடனே மறைந்தது. தாழ்ந்த பகுதி மறையவில்லை.

பிளாஸ்டிக் டப்பா மின்புலத்தைத் தடுக்காது. இதனையும் ஃபாரடேயிடமே கற்க வேண்டும். 1836-ம் ஆண்டில் அவர் லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் பன்னிரண்டு அடி நீள அகல உயரமுள்ள ஓர் அறையைச் சட்டங்களால் அமைத்து, அதைக் கம்பியாலும் உலோகத் தகட்டாலும் போர்த்தி, வலிமை மிகுந்த மின்யந்திரத்தால் அதற்கு மின்னேற்றினார். வெளிப்புறத்திலே பொறிகள் பறந்தன. உள்ளே நுழைந்து இருந்த ஃபாரடே நுண்ணிய கருவிகளைக் கொண்டு சோதித்தும் மின்சாரத்தின் சுவடே காணவில்லை. கித்தார்ப் பெடல்கள் உலோகப் பெட்டியில் அடைக்கப்பட்டு வருவது அழகுக்காகவோ மிதியைத் தாங்குவதற்காகவோ மட்டும் அன்று. மாணவன் மறுநாள் தன் வீட்டிலிருந்து ஓர் அலுமினிய டிபன் பெட்டியைக் கொண்டு வந்தான். கருவியை அதற்குள் வைத்து, பெட்டியைக் கருவியின் எர்த்துக் கம்பியோடு இணைத்தோம். முரலல் பாதிக்குமேல் அடங்கியது.

மீதி? அவனைக் கித்தாரோடு எழுந்து நின்று மெதுவாகச் சுழலச் சொன்னேன். ஒரு திசையில் முரலல் ஓங்கியது. வேறொரு திசையில் ஏறத்தாழ மறைந்தது. குற்றம் பெடலில் இல்லை, கித்தாரிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காந்தத்தின்மேல் மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றி, எஃகுத் தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றுவதே மின்சாரக் கித்தாரின் உயிர்நிலை. 1930-களின் தொடக்கத்தில் ஜார்ஜ் போசாம்ப் என்பவர் அமைத்த கருவி முதல் இதுவே வழி. அந்தச் சுருள் தந்தியின் அசைவை மட்டுமா கேட்கும்? சுவரிலுள்ள கம்பியையும் கேட்கும். அலுமினியத் தகடு இத்தகைய தாழ்ந்த காந்தப் புலத்தைத் தடுக்கவும் தடுக்காது.

இதற்கு மாற்றுக் கண்டவர் மிச்சிகன் மாநிலத்துக் கலமஸூ நகரில் கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த ஸெத் லவர். அவர் ரேடியோத் தொழிலில் கை பழகியவர். ஒரு சுருளுக்குப் பதிலாக இரண்டு சுருள்களை அருகருகே வைத்தார். அவற்றில் ஒன்றின் காந்தத்தைத் தலைகீழாக்கினார். கம்பி இணைப்பையும் தலைகீழாக்கினார். வெளியிலிருந்து வரும் முரலலுக்குக் காந்தத்தின் முனை ஒரு பொருட்டன்று. அது இரு சுருளிலும் ஒருபோலவே எழும். இணைப்பு எதிரெதிராக இருப்பதால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். தந்தியின் நாதமோ காந்தத்தால் ஒரு முறையும் இணைப்பால் ஒரு முறையும் திருப்பப்பட்டு, மறுபடி நேராகி, ஒன்றோடு ஒன்று கூடும். இரைச்சலை மறைக்காமல் அதனைக் கொண்டே அதனை அழிக்கும் தந்திரம் இது. 1955-ம் ஆண்டில் அவர் பேட்டண்டு உரிமைக்கு விண்ணப்பித்தார். 1959-ல் அது கிடைத்தது. மாணவனின் கித்தாரில் இருந்தது ஒற்றைச் சுருள். கித்தாரை மாற்ற அவனால் இயலாது. மேடையில் எந்தத் திசை நோக்கி நிற்க வேண்டும் என்பதைத்தான் நான் சொல்ல முடிந்தது.

படபடப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈயம் வைத்துப் பற்றிய இடங்களில் ஒன்று, சூடு போதாமல் மங்கி, கம்பியைப் பற்றாமல் மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இடம் குமிழுக்கு அருகிலே இருந்ததனால் குமிழைத் தொடும்போதெல்லாம் அசைந்தது. அதைக் கண்டுபிடித்த முறை மட்டும் குறிப்பிடத்தக்கது. ஒரு கம்பியின் முனையிலே சிறிய கண்டென்ஸர் ஒன்றைப் பற்றவைத்து, மறு முனையை ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்து, கருவியின் ஒவ்வோர் இடத்தையும் வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனோம். இந்த இடம் வரை தெளிவு, இதற்கு அப்பால் வெடிப்பு என்றால் பழுது இரண்டுக்கும் நடுவில்தானே இருக்க வேண்டும்? ரேடியோப் பழுது பார்ப்போருக்கு இம்முறையை விரித்துரைத்து ஜான் ரைடர் என்ற அமெரிக்கர் 1939-ம் ஆண்டில் ஒரு முழு நூலே எழுதினார். ஊகத்தால் பாகங்களை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கும் பழக்கம் நம்மிடையே இன்றும் இருக்கிறது. அது பொருளுக்கும் நஷ்டம், பொறுமைக்கும் நஷ்டம்.

ஊளைக்குக் காரணம் வேறு. கருவியிலிருந்து வெளியேறும் கம்பி, உள்ளே நுழையும் கம்பியோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது. பெருகிய ஒலியில் சிறிதளவு கசிந்து மறுபடி உள்ளே புகுந்து, மேலும் பெருகி, மேலும் கசிந்து, முடிவில்லாமல் வளர்ந்துவிடும். இந்த ஆபத்து தொலைபேசி இஞ்சினீயர்களை வெகு நாள் வாட்டியது. 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ம் நாள் காலை, ஹெரால்டு பிளாக் என்பவர் ஹட்ஸன் ஆற்றைப் படகில் கடந்து வேலைக்குச் செல்லும்போது, ஆம்ப்ளிபயரின் விளைவில் ஒரு பகுதியைத் தலைகீழாகத் திருப்பி உள்ளே செலுத்தினால் அதன் குறைகள் குறையும் என்ற எண்ணம் அவருக்கு மின்னியது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே படத்தை வரைந்துகொண்டார். ஆனால் தலைகீழாகத் திருப்பியது எப்பொழுது நேராகிவிடும், எப்பொழுது ஊளையிடும் என்பதைக் கணக்கால் வரையறுக்க வேண்டியிருந்தது. 1932-ம் ஆண்டில் அதனைச் செய்தவர் ஹாரி நைக்விஸ்ட். இந்தப் பெயரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சற்று நேரத்தில் மீண்டும் வரும். எங்களுக்கு அவ்வளவு கணக்குத் தேவைப்படவில்லை. இரண்டு கம்பிகளையும் பெட்டியின் இரு ஓரங்களுக்குப் பிரித்தோம், ஊளை நின்றது.

இனிக் கத்தரிக்காய் விலை. எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் வானொலி நிலையத்தின் மத்திய அலைக் கோபுரம் இருக்கிறது. அங்கிருந்து பரவும் அலை நொடிக்குப் பல லட்சம் முறை அதிர்வது. நம் காதுக்கு அது எட்டாது. அந்த அலையின் ஏற்றத்தாழ்விலேதான் பேச்சு பதிந்திருக்கிறது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பொருள் ஒன்று வழியில் இருந்தால் அலையின் ஒரு பாதி நீங்கி, ஏற்றத்தாழ்வு மட்டும் பேச்சாக வெளிப்படும். சில கனிமங்களுக்கு இவ்வியல்பு உண்டென்று ஜெர்மனியிலே பெர்டினாண்டு பிரௌன் 1874-ம் ஆண்டில் கண்டிருந்தார். மின் அலைகளை அறிய ஈயக் கனிமமான கலீனாவைப் பயன்படுத்தும் கருவிக்கு, கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்த ஜகதீச சந்திர போஸ் 1901-ம் ஆண்டில் அமெரிக்கப் பேட்டண்டுக்கு விண்ணப்பித்து 1904-ல் பெற்றார். முற்கால ரேடியோப் பெட்டிகளில் இத்தகைய கனிமத் துண்டும் அதைத் தொடும் ஊசியுமே பேச்சைப் பிரித்தெடுத்தன. மாணவன் தன் பெடலில் வைத்திருந்ததோ பழைய ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்கள். டிரான்ஸிஸ்டரின் நுழைவாயிலும் ஒரு வழிப் பாதையே. ஆக, அவன் அறியாமலே ஒரு ரேடியோவைச் செய்துவிட்டிருந்தான்!

டிபன் பெட்டிக்குள் வைத்த பிறகும் அந்தக் குரல் முற்றும் போகவில்லை. கித்தாரிலிருந்து வரும் நீண்ட வடமே ஏரியலாக வேலை செய்தது. நுழைவாயிலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு மிகச் சிறிய கண்டென்ஸரைப் போட்டோம். பல லட்சம் அதிர்வுள்ள அலைக்கு அது திறந்த மடை. கித்தாரின் நாதத்திற்கோ அடைத்த சுவர். குரல் ஓய்ந்தது. வானொலியிலே அவ்வப்போது பேசுகிறவனாகிய நானே வானொலியின் வாயை அடைக்க வழி சொன்னேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளுகிறேன்.

எஞ்சி நின்றது சீறல். மழைச் சாரல் போன்றது என்று சொன்னேன் அல்லவா? இதன் வரலாறே எல்லாவற்றிலும் சுவை மிகுந்தது.

முதல் உலகப் போரின் கடைசி ஆண்டாகிய 1918-ல், பெர்லினில் ஸீமென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த வால்ட்டர் ஷாட்கி ஓர் எளிய கேள்வியை எழுப்பினார். வால்வைக் குறையில்லாமல் செய்துவிட்டால், ஆம்ப்ளிபயரால் எவ்வளவு மெல்லிய ஒலியையும் பெருக்கிவிடலாமா? முடியாது என்பது அவர் கண்ட விடை. மின்சாரம் நீரைப் போல் தொடர்ச்சியாக ஓடுவதன்று. எலெக்ட்ரான்கள் என்ற தனித்தனித் துகள்களாகப் பாய்கிறது. ஓட்டுக் கூரையில் மழைத்துளிகள் விழும்போது ஒரே சீராகப் பெய்தாலும் சலசலப்பு எழுகிறதல்லவா? வால்வுக்குள்ளும் அப்படியே. துப்பாக்கியில் இடும் சிறு ஈயக் குண்டுகளை எண்ணி இதற்கு அவர் ஜெர்மன் மொழியில் பெயரிட்டார். வெப்பத்தால் எழும் இன்னொரு வகைச் சலனமும் இருக்க வேண்டும் என்று கருதினார். ஆனால் வால்வின் சலசலப்பே அதனினும் பெரிதாக இருக்கும் என்பது அவர் எண்ணம்.

அந்த இரண்டாவதைக் காதால் கேட்டு அளந்தவர் ஜான் ஜான்ஸன். ஸ்வீடன் நாட்டில் பிறந்து அமெரிக்காவிலே குடியேறியவர். ஜான்ஸ்கியைப் போலவே பெல் ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். வால்வின் முன்னால் இணைக்கும் மின்தடை ஒன்றே, அதற்கு மின்சாரம் எதுவும் கொடுக்காமலே, தானாகச் சீறுகிறது என்று அவர் கண்டார். பொருளின் குற்றமோ என்று எண்ணிப் பொருளை மாற்றினார். கரி, உலோகக் கம்பி, உப்புக் கரைசல், மயில்துத்தக் கரைசல் ஆகியவற்றையெல்லாம் சோதித்தார். எந்தப் பொருளானாலும் தடையின் அளவு ஒன்றானால் சீறலும் ஒன்றே. சூடாக்கினால் மிகுந்தது, குளிர்வித்தால் குறைந்தது. தம் உடன் பணியாளரிடம் இந்த விந்தையைச் சொன்னார். அந்தப் பணியாளர்தாம் நாம் முன்பு சந்தித்த ஹாரி நைக்விஸ்ட். அவரும் ஸ்வீடனில் பிறந்தவரே. வால்வைப் பற்றியோ எலெக்ட்ரானின் பருமனைப் பற்றியோ பேசாமல், வெப்பவியலின் பொது விதிகளை மட்டும் கொண்டு அவர் அந்தச் சீறலின் அளவைக் கணக்கிட்டுக் கொடுத்தார். இருவர் கட்டுரைகளும் 1928-ம் ஆண்டு ஜூலை மாதம் ஒரே பத்திரிகையில் அடுத்தடுத்து வெளிவந்தன.

1827-ம் ஆண்டில் ராபர்ட் பிரௌன் என்ற தாவர நூலார், நீரிலே மிதந்த நுண்துகள்கள் ஓயாது துள்ளுவதை உருப்பெருக்கியிலே கண்டார். நீரின் மூலக்கூறுகள் வெப்பத்தால் இடைவிடாது மோதுவதே காரணம் என்று ஐன்ஸ்டைன் 1905-ல் கணக்கிட்டுக் காட்டினார். மின்தடைக்குள் எலெக்ட்ரான்கள் ஆடும் ஆட்டமும் அதே வகையானதுதான். பிரௌன் கண்ணால் பார்த்ததை ஜான்ஸன் காதால் கேட்டார். ஆதலால் இந்தச் சீறல் பழுது அன்று; வெப்பத்தின் குரல். உலகம் குளிர்ந்து உறைந்தாலன்றி இது ஓயாது.

இதனைச் சொன்னதும் மாணவன் சோர்ந்துவிட்டான். "அப்படியானால் இதைக் குறைக்கவே முடியாதா, சார்?" என்று கேட்டான். ஒழிக்க முடியாது என்றேனே தவிரக் குறைக்க முடியாது என்று நான் சொல்லவில்லை. காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டோம். அவன் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று எண்ணிக் கருவியின் வாயிலிலே 1 லட்சம் ஓம் மின்தடை ஒன்றை வைத்திருந்தான். நம் காது கேட்கும் எல்லைக்குள், நம் ஊர் வெப்ப நிலையில், அது தானாகவே எழுப்பும் மின் அழுத்தம் ஏறக்குறைய 6 மைக்ரோ வோல்ட்டு. அதாவது ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் 6 பங்கு. மிகச் சிறியதுதான். ஆனால் அதற்குப் பின்னால் இருப்பதோ ஒலியை நூற்றுக்கணக்கான மடங்கு பெருக்கும் கருவி. அதுவுமன்றி, ஃபஸ் பெடல் எல்லா ஒலியையும் ஒருபோலப் பெருக்குவதில்லை. தந்தியை மீட்டும்போது எழும் பெரிய ஒலியின் தலையை வெட்டிவிடும். மீட்டாதபோது இருக்கும் சிற்றொலியை முழு வலிமையோடு உயர்த்திவிடும். வாசிக்கும்போது இரைச்சல் தெரியாமல், வாசிப்பை நிறுத்தியவுடன் பேரிரைச்சலாக எழுவது இதனாலேதான்.

ஜான்ஸ்கிக்கு மேலதிகாரியாக இருந்த ஹெரால்டு ஃப்ரீஸ் 1944-ம் ஆண்டில் வெளியிட்ட ஒரு கணக்கு இங்கே பயன்படும். பல நிலைகளாக ஒலியைப் பெருக்கும் கருவியில் இரைச்சலைப் பெரும்பாலும் முடிவு செய்வது முதல் நிலையே என்பது அதன் சாரம். முதலில் புகுந்த இரைச்சல் பின்வரும் எல்லா நிலைகளிலும் பெருக்கப்படும். கடைசியில் புகுந்தது அவ்வாறு பெருகாது. ஆகவே பின்னால் இருக்கும் பாகங்களை மாற்றிக்கொண்டிருப்பதில் பயன் சிறிதே. வாயிலில் இருந்த 1 லட்சம் ஓம் தடையை எடுத்துவிட்டு 10,000 ஓம் தடையை வைத்தோம். சீறும் அழுத்தம் 2 மைக்ரோ வோல்ட்டுக்கும் கீழே இறங்கியது. அந்தப் பெரிய தடை கித்தாரின் நாதத்தையும் வீணே அமுக்கிக்கொண்டிருந்ததால், இப்பொழுது நாதமும் ஓங்கியது. இரண்டு டிரான்ஸிஸ்டர்களில் கசிவு குறைந்த ஒன்றை முன்னால் மாற்றி அமைத்தோம். ஜெர்மேனியம் கசியும் இயல்புடையது, கோடையில் மேலும் கசியும், கசிந்தால் சீறும். அதற்கு மேல் செய்வதற்கு எதுவும் இல்லை.

இவ்வளவும் முடிந்தபின் அவன் மிதியைத் தட்டிவிட்டு வாசித்தான். என் மனைவி சமையலறையிலிருந்து வந்து, "என்ன, பழுது இன்னும் தீரவில்லையா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் தவறில்லை. அந்த ஓசையே ஒரு பழுதிலிருந்து பிறந்ததுதான். 1951-ம் ஆண்டில் மெம்பிஸ் நகரில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்தபோது, சேதமடைந்திருந்த ஓர் ஆம்ப்ளிபயரையே கித்தாருக்குப் பயன்படுத்தினார்கள். அதன் கரகரப்பு பாட்டுக்கு ஒரு தனி அழகைக் கொடுத்தது. லிங்க் ரே என்பவர் 1958-ல் வெளியிட்ட 'ரம்பிள்' என்ற இசைக்காகத் தம் ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பிலே துளைகளை இட்டார். ஆனால் பெடலின் பிறப்பு நாஷ்வில் நகரில் நிகழ்ந்தது. 1960-ம் ஆண்டில் அங்கே மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் 'டோண்ட் வொரி' என்ற பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். கிரேடி மார்ட்டின் ஆறு தந்திகளுள்ள பேஸ் கித்தாரை வாசித்தார். அந்தக் கித்தார் இணைக்கப்பட்டிருந்த பதிவு மேசையின் ஒரு பாகம் கெட்டுப்போயிற்று. பாட்டின் நடுவிலே நாதம் திடீரென்று கிழிந்து, அதுவரை எவரும் கேட்டிராத ஒரு முரட்டு முரலல் வெளிப்பட்டது. அதனை நீக்கி மறுபடி பதிவு செய்திருக்கலாம். அவர்கள் அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-ல் அந்தத் தட்டு வெளிவந்து, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வரிசையிலே முதலிடம் பெற்றது.

அன்று பதிவு மேசையில் இருந்த இஞ்சினீயர் கிளென் ஸ்னாடி. மற்ற இசைவாணர்களும் அந்த ஓசை வேண்டும் என்று கேட்டு வரலானார்கள். ஆனால் கெட்ட பாகம் அதற்குள் முற்றிலும் கெட்டு ஊமையாகிவிட்டது! பழுதைப் பழுது பார்க்க வேண்டிய விசித்திரமான நிலைமை அவருக்கு நேர்ந்தது. அவர் அந்தக் கோளாற்றை ஆராய்ந்து, ரெவிஸ் ஹாப்ஸ் என்ற மற்றொரு இஞ்சினீயரோடு சேர்ந்து, அதே ஓசையை வேண்டும்போது எழுப்பக்கூடிய ஒரு சிறு கருவியை அமைத்தார். மூன்று ஜெர்மேனியம் டிரான்ஸிஸ்டர்களும் சிறிய பாட்டரிகளும் கொண்ட அது, 1962-ம் ஆண்டில் கிப்ஸன் கம்பெனியின் மூலம் 'மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. முதலில் அதனை வாங்குவோர் அரிதாகவே இருந்தார்கள். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற ஆங்கிலக் குழுவின் 'சாடிஸ்பாக்ஷன்' பாட்டிலே கீத் ரிச்சர்ட்ஸ் அதனை வாசித்தார். பின்னர் ஊதுகருவிகள் வாசிக்க வேண்டிய இடத்தைக் குறித்து வைப்பதற்காகவே வாசித்தாராம். அந்தப் பாட்டு உலகெங்கும் பரவியது, பெடலும் பரவியது. அடுத்த ஆண்டில் லண்டனில் வெளிவந்த 'ஃபஸ் ஃபேஸ்' என்னும் வட்டமான பெடலின் அமைப்பைப் பார்த்துத்தான் எங்கள் மாணவன் தன் மிட்டாய் டப்பாவைச் செய்திருந்தான்.

போட்டி நடந்த மறுநாள் அவன் மீண்டும் வந்தான். குழுவிலே சேர்த்துக்கொண்டார்களாம், பரிசு கிடைக்கவில்லையாம். முகத்தில் வாட்டம் இல்லை. டிபன் பெட்டியைத் திறந்து காட்டினான். ஈயப் பற்றுக்கள் எல்லாம் மினுமினுவென்று இருந்தன; கம்பிகள் ஓரம் பிரிந்து சென்றன. ஆனால் ரேடியோக் குரலை அடைப்பதற்காக நாங்கள் போட்ட சிறிய கண்டென்ஸருக்குப் பக்கத்திலே, நான் முன்பு காணாத ஒரு சுவிட்சு இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"நடுவில் ஓர் இடத்தில் எல்லோரும் வாசிப்பதை நிறுத்திவிடுவோம், சார். அப்போது இதைத் தட்டிவிட்டேன். அந்த நேரத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார்கள்" என்றான்.